பழைய ஒற்றைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் வாங்குவோர்க்கு

மாடு வாங்கச் சந்தைக்குப் போகும் கமக்காரர், மாட்டின் நிறத்தைப் பார்த்து மடியிலுள்ள பணத்தை அவிழ்ப்பதில்லை. சுழி பார்ப்பார், வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பார், முன்னே நடக்கவிட்டுப் பின்னே நின்று நடை பார்ப்பார். யாரிடம் வளர்ந்த மாடு, எத்தனை போகம் ஏர் இழுத்தது என்பவற்றையெல்லாம் ஊரில் விசாரித்த பின்னரே விலை பேசுவார். அதே கமக்காரரின் மகன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கப் போகும்போது, பெற்றோல் தாங்கியிலே புதிதாகப் பூசிய சிவப்பு வர்ணத்தையும் அதன்மேல் இழுத்த பொன்னிறக் கோட்டையும் கண்டு மயங்கி, முற்பணத்தை நீட்டிவிட்டு வந்துவிடுகிறான். தந்தையிடமிருந்த எச்சரிக்கை மகனிடம் இல்லாமற் போனமைக்கு இளமை மட்டும் காரணமன்று. மாட்டைப் பற்றித் தந்தைக்குச் சொல்லிக்கொடுக்க அவருடைய தந்தை இருந்தார். இந்த இயந்திரத்தைப் பற்றிச் சொல்லிக்கொடுக்கப் பெரும்பாலான வீடுகளில் ஒருவரும் இல்லை.

பழைய வண்டிகள் மீது இளைஞர்களுக்கு உண்டாகியிருக்கும் ஆசையை வெறும் ஆடம்பரம் என்று தள்ளிவிட முடியாது. நம் நாட்டில் 2020 ஆம் ஆண்டு வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை, ஓடிய வாகனங்களின் விலை எவ்வாறு ஏறியது என்பதை எல்லோரும் அறிவர். பட்டடைகளிலும் கோடிப்புறங்களிலும் கிடந்த வண்டிகளை மக்கள் புதிய கண்கொண்டு பார்க்கத் தொடங்கியது அக்காலத்திலேதான். என்னிடம் படித்துவிட்டு வேலையில் அமர்ந்த பிள்ளைகள் சிலர், “சேர், பழைய புல்லட் ஒண்டு விலைக்கு வருகுது, வாங்கலாமோ?” என்று கேட்டு வருவதுண்டு. அந்தக் கேள்விக்குப் பின்னால் இரண்டு மூன்று ஆண்டுச் சேமிப்பும், சில வேளைகளில் தாயாரின் கைக்காப்பும் நிற்கின்றன. ஆகவே விடையை விளையாட்டாகச் சொல்ல முடிவதில்லை.

முதலிலே பொருளைத் தெரிந்துகொள்வோம். புல்லட் 350 என்னும் வண்டியின் சிலிண்டர் விட்டம் 70 மில்லிமீற்றர். பாடநூல்களிலே முசலம் என்று நாம் எழுதும் பிஸ்டன், மேலும் கீழும் செல்லும் தூரம் 90 மில்லிமீற்றர். மாணவர்கள் உருளையின் கனவளவுச் சூத்திரத்தை இட்டுப் பார்க்கலாம். 346 கன சென்ரிமீற்றர் என்று விடை வரும். இந்த ஒரே குழிக்குள் எல்லா வேலையும் நடக்கின்றது. பிஸ்டனின் நான்கு பயணங்களில் ஒரு முறைதான் எரிபொருள் வெடிக்கின்றது. மற்ற மூன்று பயணங்களுக்கும் வேண்டிய உந்தலைக் கனமான இரும்புச் சில்லுகள் தம்மிடம் சேமித்துவைத்துத் தருகின்றன. அதனாலேதான் அந்தத் தனித்த, ஆறுதலான, நெஞ்சிலே தட்டுவது போன்ற ஓசை எழுகின்றது. நிமிடத்துக்கு ஆயிரம் முறை அச்சு சுழலும்போது, செக்கனுக்கு எட்டு வெடிப்புக்கு மேல் இல்லை. காது அவற்றைத் தனித்தனியே எண்ணிவிடும்போலத் தோன்றும்.

ஓசையை விடப் பெரிய இலாபம் வேறொன்று. ஒரு பிளக், ஒரு காபரேற்றர், இரண்டு வால்வு; இவ்வளவுதான். ஒவ்வொன்றையும் கையால் எட்டித் தொடலாம். கணினியை இணைத்துப் பார்த்தாலன்றி நோய் தெரியாது என்ற நிலை இங்கில்லை.

இந்த வண்டியின் வரலாறும் அறியத்தக்கது. இங்கிலாந்தின் றெடிச் நகரிலிருந்த றோயல் என்பீல்ட் நிறுவனம் 1901 ஆம் ஆண்டிலேயே மோட்டார் சைக்கிள் செய்தது. புல்லட் என்ற பெயர் 1930-களின் தொடக்கத்தில் வந்தது. ஆனால் இன்று நாம் புல்லட் என்று சொல்லும் உருவம், பின்சில்லுக்கும் சுருள்வில் தாங்கியுடன் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பிறந்தது. அதன் முன்மாதிரிகள் 1948 இல் இத்தாலியின் சன் றேமோவில் நடந்த ஆறு நாள் ஓட்டப் பரீட்சையிலே தங்கப் பதக்கம் பெற்றன. கரடுமுரடான பாதையில் பின்சில்லுத் தாங்கி சிறுபிள்ளை விளையாட்டு என்று நகைத்தவர்கள் அதன் பின்னர் வாயடைத்தனர். 1950-களின் முற்பகுதியில் எல்லைக் காவலுக்காக இந்திய அரசு இவ்வண்டியில் 800-ஐ வாங்கியது. 1955 இல் சென்னையிலுள்ள நிறுவனம் ஒன்றுடன் கூட்டுச் சேர்ந்து, திருவொற்றியூரில் தொழிற்சாலை அமைக்கும் வேலை தொடங்கிற்று. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த உறுப்புகளைப் பொருத்தினார்கள். பிறகு அச்சுகளையும் கருவிகளையும் வாங்கி எல்லாவற்றையும் தாமே வார்த்தார்கள். தாய் நிறுவனத்தின் றெடிச் தொழிற்சாலை 1967 இல் மூடப்பட்டது. பிள்ளையோ திருவொற்றியூரில் தொடர்ந்து வாழ்ந்தது. 1977 இல் அங்கிருந்து இங்கிலாந்துக்கே புல்லட் ஏற்றுமதியானது. வார்ப்பிரும்புச் சிலிண்டர் கொண்ட பழைய அமைப்பு 2000 ஆம் ஆண்டைத் தாண்டியும் அங்கே செய்யப்பட்டு வந்தது.

இந்த வரலாற்றை நான் இவ்வளவு விரித்ததற்கு வாங்குபவனின் மடியோடு தொடர்புடைய காரணம் உண்டு. ஐம்பது ஆண்டுக்கு மேலாக ஒரே அளவில் வார்க்கப்பட்ட இயந்திரத்துக்கு உதிரி உறுப்புகள் இன்னும் கிடைக்கின்றன. பி.எஸ்.ஏ. பி 31 இனிமையான வண்டி. ஆனால் அது 1959 உடன் முடிந்துவிட்டது. அதன் உறுப்புகளுக்குக் கடல் கடந்து எழுத வேண்டும், அல்லது கடைசல் பட்டறையில் செய்விக்க வேண்டும். மச்லெஸ், வெலோசெற் போன்றவையும் அவ்வாறே. முதன்முதலாகப் பழைய வண்டி வாங்குபவர் புல்லட்டிலே தொடங்குவது நன்று என்பது என் துணிபு. பி.எஸ்.ஏ. அன்பர்கள் என்மீது கோபங்கொள்ளலாம், கொள்ளட்டும்.

இன்னொரு செய்தி நம் ஊருக்கே உரியது. போர்க்காலத்தில் பிரித்தானியாவில் எல்லா நிறுவனங்களின் பெற்றோலையும் ஒன்றாகக் கலந்து, தரம் குறைந்த ஒரே எரிபொருளாக விற்றார்கள். 1953 வரை அந்த ஏற்பாடு நீடித்தது. அத்தகைய பெற்றோலில் ஓட வேண்டியிருந்தமையால், அக்கால இயந்திரங்கள் எரிவாயுக் கலவையை அதிகம் நெருக்காதவாறு அமைக்கப்பட்டன. இராணுவத்துக்காக ஓரிலட்சத்துக்கு மேல் செய்யப்பட்ட பி.எஸ்.ஏ. எம் 20 கலவையை ஐந்திலொரு பங்காக மட்டுமே நெருக்கும். புல்லட் ஏறக்குறைய ஆறரையில் ஒரு பங்காக நெருக்கும். இன்றைய வண்டிகளோ ஒன்பது, பத்து என்று போகின்றன. இந்தச் சாந்த குணத்தின் பயனை 1990-களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தார் கண்டார்கள். பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரும்பொருளாகிவிட்ட அந்நாட்களில், சிறு போத்தலில் வைத்திருந்த சில துளி பெற்றோலைக் காபரேற்றரின் வாயில் பீச்சி இயந்திரத்தை எழுப்பி, சூடேறிய பின் மண்ணெண்ணெயில் ஓட்டிச் சென்றார்கள். மெல்ல நெருக்கும் பழைய இயந்திரம் அந்தத் தண்டனையை இடிப்பில்லாமற் பொறுத்துக்கொண்டது. புதிய வண்டிகளும் ஓடினதான். ஆனால் முனகிக்கொண்டு ஓடின.

ஆயினும் பொறுத்ததற்கு ஒரு விலை உண்டு. முழுதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரிலுள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு கீழிறங்கி, அடியிலுள்ள மசகெண்ணெயை நீர்க்கச் செய்யும். புல்லட்டில் பிஸ்டன் கோல் அச்சோடு சேரும் இடத்திலே, பழைய அமைப்பில் குண்டுகளோ உருளைகளோ இல்லை. எண்ணெயில் மிதக்கும் உலோக வளையம் ஒன்றே இருந்தது. எண்ணெய் கெட்டால் அந்த வளையம் கெடும். ஆகவே அக்காலத்தில் ஓடி, பிறகு மூலையில் நிறுத்தப்பட்ட வண்டி விலைக்கு வந்தால், அதனை எழுப்ப முயலுமுன் இயந்திரத்தைப் பிரித்துப் பார்த்தாக வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டே விலை பேச வேண்டும்.

இனிச் சுழி பார்க்கும் படலம். மோட்டார் சைக்கிளுக்குச் சுழி அதன் இலக்கங்கள். சிலிண்டரின் அடியிலே இயந்திரக் கூட்டில் ஓர் இலக்கமும், கைபிடி திரும்பும் கழுத்துப் பகுதியில் அடிச்சட்ட இலக்கமும் பொறிக்கப்பட்டிருக்கும். இவ்விரண்டும் பதிவுப் புத்தகத்தில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். இரண்டும் தமக்குள் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதில்லை. 1950-களின் பி.எஸ்.ஏ. வண்டிகள் தொழிற்சாலையிலிருந்தே வேறுவேறு இலக்கங்களுடன் வெளிவந்தவை. அதைக் கண்டு வீணாக அஞ்ச வேண்டாம். அஞ்ச வேண்டியது, இலக்கம் பொறித்த இடம் அரத்தால் தேய்த்ததுபோல் வழுவழுப்பாக இருப்பதையும், எழுத்துகள் ஏறியும் இறங்கியும் நிற்பதையும், அந்த இடத்தில் மட்டும் வர்ணம் தடிப்பாக இருப்பதையும் கண்டே. பழைய பதிவுப் புத்தகத்துக்குத் தனியே ஒரு மதிப்பு இருப்பதால், இறந்த வண்டியின் புத்தகத்தை இன்னொரு வண்டிக்கு ஒட்டிவிடும் கைத்திறன் நம் நாட்டில் இல்லாமலில்லை.

என் பழைய மாணவன் ஒருவன், முதல் ஆண்டுச் சம்பளத்தின் மிச்சமெல்லாம் கொண்டு இவ்வாறான வண்டியொன்றை வாங்கினான். ஓட்டம் நன்று, ஓசை நன்று, விற்றவர் பேச்சு அதைவிட நன்று. உரிமை மாற்றப் படிவத்தில் முந்திய உரிமையாளர் ஒருவரின் கையொப்பம் மட்டும் இருந்தது. அவர் யார், எங்கே இருக்கிறார் என்பது விற்றவருக்கே தெரியவில்லை. பெயரை மாற்றப் போனபோது அடிச்சட்ட இலக்கத்தின் கடைசி இரு எண்கள் புதிதாக அடிக்கப்பட்டவை என்பது வெளிப்பட்டது. வண்டி அவனுடையதுமாகவில்லை, பணமும் திரும்பவில்லை. பொலிஸ் நிலையத்துக்கும் வீட்டுக்குமாக அவன் அலைந்த மாதங்களில், அவன் தாயார் அந்த வண்டி நின்ற பக்கமே பார்ப்பதில்லை என்று கேள்விப்பட்டேன்.

ஆதலால் இயந்திரத்தைத் தொடுமுன்னர் புத்தகத்தைக் கேளுங்கள். பதிவு விபரங்களை மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு ஆகும் செலவும் ஒரு நாள் அலைச்சலும், பின்னர் வரக்கூடிய துன்பத்தோடு பார்க்கையில் தூசு. கையொப்பமிட்ட வெற்றுப் படிவத்தோடு கைமாறி வரும் வண்டி எவ்வளவு மலிவாயினும் வேண்டாம். இடம்பெயர்வுகளின்போது புத்தகத்தை இழந்த குடும்பங்கள் வடக்கிலும் கிழக்கிலும் பல உண்டு என்பதையும், உரிமையாளர் காலமாகிவிட்ட வீடுகள் உண்டு என்பதையும் நான் மறக்கவில்லை. அவர்கள் நேர்மையான விற்பனையாளர்களே. ஆனால் பிரதிப் புத்தகத்தையும், உரித்தாளிகளின் சம்மதத்தையும் ஒழுங்காகப் பெற்ற பிறகு பணத்தைக் கொடுப்பதே இரு தரத்தாருக்கும் நன்மை. வேண்டுமாயின் சட்டத்தரணி ஒருவரிடம் ஆலோசனை கேட்கும் செலவை வாங்குபவரே ஏற்றுக்கொள்ளலாம்.

இலக்கம் சரியென்று கண்டபின் பல் பார்க்கலாம். வண்டியைப் பார்க்க வருவதாகச் சொல்லியிருந்த நேரத்துக்குச் சற்று முன்னரே செல்லுங்கள். சென்றவுடன் பேச்சுக்கொடுத்தபடி சிலிண்டரின் மீது கை வைத்துப் பாருங்கள். சுட்டால், உங்கள் வருகைக்காக அதனை எழுப்பிச் சூடாக்கி வைத்திருக்கிறார்கள் என்பது பொருள். குளிர்ந்த இயந்திரம் எத்தனை உதைக்கு எழும்புகின்றது என்பதை மறைக்கும் உபாயம் அது. தேநீரைக் குடித்துவிட்டு, இன்னொரு நாள் வருகிறேன் என்று மரியாதையாக விடைபெறலாம்.

குளிர்ந்திருந்தால், சாவியைத் திருப்பாமலே கிக்கரின் மீது உடற்பாரத்தை மெதுவாக இறக்குங்கள். ஓரிடத்தில் அது உங்களைத் தாங்கி நிற்க வேண்டும். சில செக்கன்களின் பின்னரே மெல்ல மெல்லக் கீழிறங்க வேண்டும். பஞ்சு மெத்தையில் மிதித்ததுபோல் உடனே இறங்கிவிட்டால், பிஸ்டன் வளையங்களோ வால்வுகளோ தேய்ந்துவிட்டன. சிலிண்டரை எத்தனை முறை குடைந்திருக்கிறார்கள் என்று அப்போது கேட்பது பொருத்தம். தேய்ந்த சிலிண்டரை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு என்ற கணக்கில் 20, 40, 60 என்று குடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போடுவது வழக்கம். கடைசி அளவுக்கு வந்துவிட்டால் இனிக் குடைய இடமில்லை. உட்குழல் புதிதாக இறக்க வேண்டும். அது வண்டியை விலக்குவதற்குக் காரணமாகாது. விலையைக் குறைப்பதற்குக் காரணமாகும்.

எழுப்பிய பின் புகையைப் பாருங்கள். நெடுநாள் நின்ற பிரித்தானிய வண்டியில் எண்ணெய் மெதுவாக அடிக்கூட்டுக்குள் கசிந்து தேங்குவது இயல்பு. ஆகவே முதலிரண்டு நிமிடம் புகைத்துவிட்டுத் தெளிந்தால் குற்றமில்லை. தெளியாமல் நீலப் புகை தொடர்ந்து வந்தால் எண்ணெய் எரிகின்றது. வேகமாக ஓட்டிவிட்டுக் கைப்பிடியைத் திடீரென மூடும்போது மட்டும் நீலம் தோன்றினால் வால்வு செல்லும் குழல்கள் தேய்ந்துள்ளன. இழுக்கும்போதெல்லாம் தோன்றினால் நோய் சிலிண்டரிலே. கரும்புகை காபரேற்றரைத் திருத்தினால் போய்விடும்.

ஓசையிலும் வேறுபாடு உண்டு. மேலே தலைப்பகுதியிலிருந்து வரும் சிறு கிலுகிலுப்பு வால்வு இடைவெளியைச் சரிசெய்தால் அடங்கும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். குளிரில் சற்றுத் தட்டி, சூடேறியதும் மறையும் ஓசை பிஸ்டனுடையது. அது வயோதிபத்தின் இருமல், அவ்வளவே. கீழேயிருந்து, பாரம் இழுக்கும்போது, மண்வெட்டிக் காம்பால் மரத்தில் இடிப்பதுபோல் கனமாக எழும் ஓசைதான் அஞ்சத்தக்கது. மேலே சொன்ன மிதக்கும் வளையமிருக்கும் பகுதியின் குரல் அது. முழு இயந்திரத்தையும் பிரித்தாலன்றி அது தீராது. நல்ல காதுள்ள பழுதுபார்ப்பவர் ஒருவரை உடன் அழைத்துச் செல்வது இதற்காகவே. நம் ஊர்களில் எழுபது வயதைக் கடந்த சிலர், பெரிய திருகாணிச் சாவியின் ஒரு நுனியை இயந்திரத்தில் ஊன்றி, மறுநுனியைக் காதெலும்பில் வைத்துக் கேட்பார்கள். வைத்தியர் நெஞ்சிலே குழாய் வைப்பதற்கு அது சிறிதும் குறைந்ததன்று. அவருக்கு ஒரு நாட்கூலியைக் கொடுக்கத் தயங்குபவர்கள், யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குப் பேரம் பேசுபவர்கள்.

நடை பார்க்கும்போது பத்துப் பாகம் பின்னே நின்று, இரு சில்லுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்கின்றனவா என்று நோக்குங்கள். முன்சில்லை நிலத்திலிருந்து உயர்த்திக் கைபிடியை மெதுவாக இருபுறமும் திருப்பினால், நடுவிலே ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் தோன்றலாகாது. தோன்றினால் கழுத்துக் குண்டுகள் தேய்ந்துள்ளன. சில்லுக் கம்பிகளைச் சிறு சாவியால் ஒவ்வொன்றாகத் தட்டுங்கள்; வீணைத் தந்திபோல் ஒலிப்பது இறுக்கமானது, மந்தமாக ஒலிப்பது தளர்ந்தது. ஓட்டும்போது இரண்டாம் கியரிலே இழுத்தும் விட்டும் பாருங்கள். தானாகவே நழுவிவிடும் கியர்ப் பெட்டிக்குள் பல் தேய்ந்திருக்கும். இயந்திரக் கூட்டில் ஒட்டுப் போட்ட தழும்பு இருக்கின்றதா என்று குனிந்து பார்க்கவும் மறக்க வேண்டாம். அறுந்த சங்கிலி கூட்டை உடைத்த வரலாறு பல வண்டிகளுக்கு உண்டு.

அடுத்து உயிரோடு தொடர்புடையதொன்று. பிரித்தானிய வழிவந்த பழைய வண்டிகளில் கியர் வலக்காலில், பின்பிறேக் இடக்காலில். இன்றைய வண்டிகள் யாவும் இதற்கு நேர்மாறு. இன்றைய வண்டியில் பழகிய இளைஞன் அமைதியான பாதையில் இந்த மாற்றத்தை ஒரு நாளில் கற்றுக்கொள்வான். ஆனால் ஒழுங்கையிலிருந்து ஒரு குழந்தை திடீரென ஓடிவரும் கணத்தில், மூளை கேட்பதற்கு முன்னரே பழைய பழக்கத்தில் வலக்கால் அழுத்திவிடும். அழுத்தினால் பிறேக் பிடிக்காது, கியர்தான் மாறும். போதாக்குறைக்குப் பழைய பறைப் பிறேக்குகள் இன்றைய தட்டுப் பிறேக்குகளைப்போல் உடனே நிறுத்துவனவுமல்ல. மழையில் நனைந்தால் இன்னும் தாமதிக்கும். ஒரே வீட்டில் இரு வகை வண்டியையும் மாறிமாறி ஓட்டுவதை நான் ஒருபோதும் ஆதரிப்பதில்லை. குறைந்தது ஒரு மாதம் பழைய வண்டியை மட்டுமே, சனநெரிசலில்லாத பாதையில் ஓட்டிப் பழகுவது நன்று. பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்கும் பெற்றோர் விலையைப் பற்றி விசாரிப்பதற்கு முன் இதைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

இவ்வளவும் பார்த்தபின் இரு வண்டிகள் எஞ்சுவதாக வைத்துக்கொள்வோம். ஒன்று புதுவர்ணமும் வெள்ளி மெருகும் பூசப்பட்டுக் கண்ணைப் பறிக்கின்றது. மற்றது மங்கி, துருவேறி, ஆனால் காபரேற்றர், விளக்கு, கருவிப் பெட்டி எல்லாம் பிறந்தபடியே இருக்க நிற்கின்றது. நான் இரண்டாவதையே எடுக்கச் சொல்வேன். துருவைக் கண்ணால் காணலாம். வர்ணத்தின் அடியில் இருப்பதைக் காண முடியாது. தேய்ந்த உறுப்பை மாற்றலாம். காணாமற்போன உறுப்பைத் தேடுவதிலோ ஆண்டுகள் கழியும். கையிலுள்ள பணத்தில் மூன்றிலொரு பங்கைத் திருத்த வேலைக்கென்று ஒதுக்கி வைத்துவிட்டு, மீதியை மட்டுமே விலையாகப் பேசுவது பாதுகாப்பு.

விலை பேசும் இடத்தில் விற்பவரின் பக்கமும் ஒன்றிருக்கின்றது. வடமராட்சியில் ஒரு வீட்டுக்கு மாணவன் ஒருவனுடன் சென்றிருந்தேன். கணவர் காலமாகிப் பல ஆண்டுகளாயிருந்தன. சாக்குகளால் போர்த்தி, கீழே பலகை வைத்து, ரயர் மண்ணில் படாதவாறு அவருடைய வண்டியை அந்த அம்மையார் நிறுத்தி வைத்திருந்தார். புத்தகம் இருந்தது, வரிப்பத்திரங்கள் ஆண்டுவாரியாகக் கட்டி வைக்கப்பட்டிருந்தன, இருக்கையின் கீழே காற்றடிக்கும் பம்புகூட இருந்தது. அவர் சொன்ன விலை சந்தை விலையில் பாதியும் இல்லை. மாணவன் என் முகத்தைப் பார்த்தான். “அம்மா, இதற்கு இன்னும் கூடப் பெறும்” என்று சொல்லி, பெறக்கூடிய தொகையையும் சொன்னேன். பையனின் முகம் சுருங்கியதை நான் கவனிக்காமலில்லை. இறுதியில் இருவருக்கும் ஒத்த விலையில், இரு தவணையாகக் கொடுப்பது என்று முடிந்தது. வண்டியை வெளியே உருட்டும்போது, “பின்சில்லுக்கு எப்பவும் காத்துக் கொஞ்சம் குறையத்தான் விடுவார்” என்றார் அம்மையார். அப்படிப்பட்ட வண்டிக்குப் பழுதுபார்ப்பவரின் சான்று வேண்டியதில்லை.

வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தபின் முதல் வேலை, விற்றவர் நேற்றுத்தான் மாற்றினேன் என்று சத்தியம் செய்தாலும், மசகெண்ணெயை வடித்துப் புதிதாக ஊற்றுவது. வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டிப் பாருங்கள். உலோகத் துகள் மினுங்கினால் ஓட்டத்தை நிறுத்திவிட்டுக் காரணம் தேட வேண்டும். ரயரின் பக்கச் சுவரில் நான்கு எண்கள் இருக்கும். முதலிரண்டு வாரத்தையும் பின்னிரண்டு ஆண்டையும் குறிப்பன. பள்ளங்கள் ஆழமாயிருந்தாலும் பத்தாண்டு கடந்த ரயர் கல்லாகியிருக்கும். மழைநாளில் அது காலை வாரிவிடும். பிறேக் கம்பி, கிளச் கம்பி இரண்டையும் புதிதாக மாற்றுங்கள். மொத்தச் செலவில் அவை மிகச் சிறியவை.

கடைசியாக, எழுப்பும் முறை. புல்லட்டை ஆத்திரத்தோடு உதைப்பவர்கள் வியர்வை சிந்துவார்களேயன்றி வண்டியை எழுப்பமாட்டார்கள். பற்றறி கொண்டு தீப்பொறி உண்டாக்கும் வண்டியில், சாவியைத் திருப்பிவிட்டுக் கிக்கரை மெதுவாகக் கையாள்வதுபோல் அழுத்தினால், விளக்குத் தலையிலுள்ள மின்னோட்டமானியின் ஊசி ஒரு பக்கம் சாய்ந்து, ஓரிடத்தில் நடுவுக்குத் திரும்பும். பிஸ்டன் உச்சியை நெருங்கிவிட்டது என்பதற்கு அதுவே அறிகுறி. அங்கே நிறுத்தி, இடக்கைப் பக்கமுள்ள சிறு நெம்பைப் பிடித்து அமுக்கத்தை வெளியேற்றியபடி கிக்கரை ஓரங்குலம் மேலும் தள்ளுங்கள். நெம்பை விடுங்கள், கிக்கரை மேலே வரவிடுங்கள். காபரேற்றர்க் கைப்பிடியைத் திருப்பாமல், ஒரே நீண்ட உதையாகக் கீழ்வரை உதையுங்கள். முழங்காலை விறைப்பாக நீட்டி வைத்திருக்க வேண்டாம். தீப்பொறியின் நேரம் பிழைத்திருந்தால் இயந்திரம் திருப்பி உதைக்கும். இரப்பர்ச் செருப்போடு இந்த வேலைக்குப் போகாமல், சப்பாத்து அணிந்துகொள்ளுங்கள்.